கழுவக் கூடாத சட்டி

ஜூன் 9, திங்கள்

பதவிக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. இன்றுதான் அறைக்குப் பலகை வந்தது: "தலைமைப் பொறுப்பாளர் — சேகரிப்பும் பொது நிகழ்ச்சிகளும்." கதவைவிடப் பலகை அகலம். தச்சர் இரண்டு ஓரத்தையும் இழைத்துப் பார்த்தார், அடங்கவில்லை. கடைசியில் பக்கத்துச் சுவரில் அடித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அந்தச் சுவருக்குத்தான் பதவி உயர்வு கிடைத்தது போல இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதைப் படித்து முடிப்பதற்குள் மியூசியம் மூடும் நேரம் வந்துவிடும் என்றார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்த நாற்காலி எப்படி வந்தது என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. அது அவர்கள் பெருந்தன்மை. நானே கேட்டுக்கொள்கிறேன். பழைய அதிகாரி வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒன்பது வருஷமாகச் சம்பளமில்லாமல் வந்து, நாலாயிரத்துச் சொச்சம் பொருள்களை அளந்து, எண் போட்டு, பதிவேட்டில் எழுதி வைத்தவள் நான். எது எந்தப் பெட்டியில் என்பது வேறு ஒருவருக்கும் தெரியாது. சாவி தொலைந்தால் பெட்டியைப் பூட்டோடு தூக்கிக்கொண்டு போவோம் இல்லையா, அப்படி நிர்வாகக் குழு என்னைத் தூக்கிக்கொண்டது. ஆறு மாதம் தற்காலிகம். கண்காட்சியைப் பார்த்துவிட்டு நிரந்தரம் ஆக்குவார்கள். அல்லது வழியனுப்புவார்கள்.

இன்றைய கணக்கு: கோபம் ஒன்று (தச்சர்மேல்). பெருமை — எண்ணவில்லை, எண்ணிக்கை தப்பிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

கண்காட்சிக்கு "அடுப்படி" என்று பெயர் வைத்தாயிற்று. என் யோசனை. அந்தக் காலத்துச் சமையல் சாமான்கள் நூற்றுப் பத்து. எல்லோரும் நல்ல தலைப்பு என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரே இடத்தின் பெயர் அது என்று சொல்லிக்கொள்ளவில்லை.

காப்பாட்சியர் எனக்குக் கீழே வேலை பார்க்கிறாள். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவள், இரண்டு பட்டம், மூன்றாவதற்கு ஆராய்ச்சி. கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். காவலாளி வைத்த பெயரே பூதக்கண்ணாடிதான். நியாயமாகப் பார்த்தால் இந்த நாற்காலி அவளுடையது. வயது பத்தாது என்றது குழு. அவளுக்கு என்மேல் வருத்தம் இருக்க வேண்டும். ஆனால் இன்றும் "அக்கா, சாப்டீங்களா" என்றுதான் ஆரம்பித்தாள். அவளுக்காகக் காலையில் பிரார்த்தனையில் ஒரு நிமிஷம் ஒதுக்கியிருக்கிறேன். என் மனசாட்சிக்கு அது மலிவு விலை.

ஜூன் 17, செவ்வாய்

விளக்க அட்டைகள் முப்பத்தெட்டு எழுதினேன். பூதக்கண்ணாடி முப்பத்தேழைத் திருத்தினாள். மிச்சம் ஒன்றில் எழுதியிருந்தது: "கரண்டி."

ஜூன் 24, செவ்வாய்

நாளைக்குச் சுவரொட்டிக்குப் படம் எடுக்க ஆள் வருகிறார். பூதக்கண்ணாடி தன் அக்காள் மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், சனிக்கிழமைதான் வருவாள். நானே கிடங்கிலிருந்து சாமான்களை எடுத்து வைத்தேன்.

நடுநாயகமாக ஒரு மண்சட்டி. எண்ணூறு வருஷத்துச் சட்டி, ஒரு கீறல் இல்லை. ஆனால் உள்ளே பார்த்தால் அடி முழுக்கக் கருகல். பத்துப் பாத்திரத்தைத் தேய்க்காமல் அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், எவளோ. ஊரே வந்து பார்க்கப்போகிற சட்டியில் இவ்வளவு பத்தா? தோண்டி எடுத்த பானை ஓடுகளைத் தட்டுத் தட்டாகத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தவள்தானே நான். இது என்ன பெரிய விஷயம். ஊழியர்கள் அறைத் தொட்டியில் வெந்நீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். மரக்கரண்டியால் மெதுவாகச் சுரண்டினேன். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான். விதி விதிதான். பாத்திரம் கழுவுகிற கையுறை.

என்னமாய் வந்தது தெரியுமா! நேற்றுச் சுட்ட மாதிரி இருக்கிறது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால்தான் ஓர் இடம் துலங்குகிறது.

கணக்கு: இன்று தவறு எதுவும் இல்லை.

ஜூன் 25, புதன்

ஐயோ.

"சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதுவதற்காகப் பதிவேட்டைத் திறந்தேன். மூன்றாம் புத்தகம், எண் 1216. ஏற்கெனவே எழுதியிருக்கிறது:

"உட்புறத்தில் எரிந்த உணவின் படிவு. கழுவக் கூடாது. சோதனைக்காகக் காக்கப்படுகிறது."

பழைய அதிகாரி சொல்லச் சொல்ல எழுதியது. என் கையெழுத்து. முத்து முத்தாக. "கழுவக் கூடாது" என்பதற்கு அடியில் கோடுகூடப் போட்டிருக்கிறேன், அளவுகோல் வைத்து.

அந்தக் கருகலில்தான் பூதக்கண்ணாடியின் ஆராய்ச்சியே இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே என்ன சமைத்தார்கள், எந்த வருஷம் சமைத்தார்கள், எல்லாம் அதைச் சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆய்வகத்தில் இடம் கிடைக்க இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறாள். எந்தச் சட்டி என்று நான் கேட்டுக்கொண்டேனா? அலமாரி எண் தெரியும், பெட்டி எண் தெரியும், உயரம் அகலம் எல்லாம் தெரியும். என்ன பொருள் என்று மட்டும் தெரியாது.

ஜூன் 26, வியாழன்

கடவுளிடம் சொல்லிவிட்டேன். மன்னித்தாற்போல்தான் தெரிகிறது. அவரிடம் சொல்வது சுலபம். அவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதில்லை.

ஜூன் 28, சனி

வந்துவிட்டாள். சட்டி கண்ணாடிப் பெட்டிக்குள், மேடைமேல் இருக்கிறது. கீழேயிருந்து பார்த்தால் உட்புறம் தெரியாது. (மேடையை அரை அடி உயர்த்தச் சொன்னவள் யார் என்று இங்கே எழுத வேண்டாம்.)

மத்தியானம் கையில் ஒரு கடிதத்தோடு ஓடி வந்தாள். ஆய்வகம் சம்மதித்துவிட்டது. நாலாம் தேதி ஆள் அனுப்புகிறார்கள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க பிரார்த்தனை பண்ணதாலதான்" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நல்லதும்மா" என்றேன்.

கணக்கு எழுதக் கை வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு யோசித்தார். அவர் மடித்து வைத்தால் விஷயம் பெரிது. "தானா உதிர்ந்துடுச்சுன்னு சொல்லிடேன். எண்ணூறு வருஷம் ஒட்டிக்கிட்டு இருந்ததுக்கு அலுத்துப் போயிருக்காதா?"

சிரித்துவிட்டேன். பிறகு ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதுதான் அசிங்கம். உதிர்ந்தால் தூள் பெட்டியில் இருக்க வேண்டுமே, அடுப்புக்கரியைப் பொடித்துப் போடலாமா என்கிற வரை போய்விட்டது புத்தி. தினம் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காருகிறவளின் புத்தி.

மகள் போனில், "சொன்னா வேலை போயிடுமாம்மா?" என்றாள். போகலாம் என்றேன். "சொல்லலேன்னா?" என்றாள். வீட்டுக்காரர் செய்தித்தாளைத் திரும்பப் பிரித்தார்.

ஜூன் 30, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி, கிடங்கில். கண்ணாடிப் பெட்டியிலிருந்து சட்டியை எடுத்து வந்து மேசைமேல் வைத்து, "பாரும்மா" என்றேன். எட்டிப் பார்த்தாள். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. வேறு சட்டியை எடுத்து வந்துவிட்டேன் என்று நினைத்து அடியில் எண்ணைத் திருப்பிப் பார்த்தாள். அதுதான் எண்.

"எதுல தேச்சீங்க?"

சொன்னேன். வெந்நீர், மரக்கரண்டி, பல் பிரஷ். எல்லாவற்றையும் கேட்டாள், டாக்டர் கேட்கிற மாதிரி. பிறகு,

"தண்ணிய எங்க கொட்டுனீங்க?"

தொட்டியில். அவ்வளவுதான், ஓடினாள். நானும் பின்னால். தொட்டிக்கடியில் மண்டிபோட்டுக் குழாயின் வளைவைக் கழற்றப் பார்த்தாள். திருகு வரவில்லை. காவலாளி குறடு கொண்டு வந்தார். ஒரு வாளி பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கழற்றினதும் வாளியில் விழுந்தது: டீத்தூள், டீத்தூள், ஒரு பித்தான், மேலும் டீத்தூள். இந்த அலுவலகம் ஆறு நாளில் எவ்வளவு டீ குடிக்கிறது என்பது எனக்கு இன்றுதான் தெரியும். அவள் அந்தக் கசடை விரலால் துழாவிக்கொண்டே இருந்தாள். போதும்மா என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? காவலாளிதான், "விடுங்கம்மா" என்றார்.

கை கழுவிக்கொண்டு எழுந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது செய்திருப்பேன், அதற்கு எனக்குப் பழக்கம் உண்டு.

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல மேடம். பதிவேட்டுல நீங்களே எழுதுங்க."

மேடம்.

எழுதினேன். தேதி, நேரம், தண்ணீரின் சூடு, பிரஷ்ஷின் நிறம் வரை. ஒன்பது வருஷத்தில் இவ்வளவு முழுமையாக ஒரு குறிப்பு எழுதியதில்லை.

ஜூலை 2, புதன்

நிர்வாகக் குழு. நானே கடிதம் கொடுத்தேன், வேலையை விட்டுவிடுவதாகவும் எழுதினேன். தலைவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "கழுவினீங்களா? எதுக்கு?" என்றார். அழுக்காக இருந்தது என்றேன். உறுப்பினர் ஒருவர் இருமுவது போல் சிரிப்பை மறைத்தார். எனக்கும் அந்த வசதி இருந்திருந்தால் செய்திருப்பேன்.

தலைவர், இது இந்த அறையோடு இருக்கட்டும், வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்றார். பூதக்கண்ணாடி எழுந்து, ஆய்வகத்துக்குத் தான் ஏற்கெனவே உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டதாகவும், கண்காட்சியில் பொய்யாக ஓர் அட்டை வைத்தால் தன் பெயரை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

முடிவு: சேகரிப்பு இன்றிலிருந்து அவள் பொறுப்பு. பொது நிகழ்ச்சிகள் மட்டும் என்னிடம், அதுவும் கண்காட்சி முடிகிற வரை. பிறகு பார்ப்பார்களாம். உண்மையான அட்டைதான் வைக்க வேண்டும். அதை நான் எழுத வேண்டும்.

தச்சரைக் கூப்பிட்டுப் பலகையைப் பாதியாக அறுக்கச் சொன்னேன். இப்போது கதவில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஜூலை 5, சனி

அட்டையை ஏழு தடவை எழுதினேன். கடைசியில் இப்படி:

"இந்தச் சட்டியின் உள்ளே எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய உணவின் கருகல் இருந்தது. சோதனை செய்வதற்கு முன், ஜூன் 24 அன்று, இந்த அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பாளர் அறியாமல் அதைக் கழுவிவிட்டார்."

பூதக்கண்ணாடியிடம் நீட்டினேன். பேனாவை எடுத்து ஒரே ஒரு சொல்லை அடித்தாள். "அறியாமல்."

"கழுவக் கூடாதுன்னு பதிவேட்டுல எழுதினதே நீங்கதானே மேடம்."

ஆமாம் என்றேன். நல்ல காப்பாட்சியர்.

ஜூலை 9, புதன்

ஆய்வகத்திலிருந்து பதில். சட்டியின் மண்ணுக்குள்ளேயே கொஞ்சம் எண்ணெய்ப்பசை ஊறியிருக்கலாமாம், என்ன சமைத்தார்கள் என்பது மட்டும் ஒருவேளை கிடைக்கலாம். எப்போது என்பது கிடைக்காது. ஆனால் சோதிக்க விளிம்பில் ஒரு துண்டு உடைத்துத் தர வேண்டும். கழுவியாயிற்று, இனி உடைப்பதுதான் பாக்கி. அதை மட்டும் வேறு யாராவது செய்யட்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

திறப்பு விழா. முந்நூற்று நாற்பது பேர். தங்கமுலாம் பூசிய தட்டை ஐம்பது பேர்கூட நின்று பார்க்கவில்லை. சட்டிக்கு வரிசை. அட்டையைப் படிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். ஒருவர் என்னிடமே, "யாருங்க அந்தப் புண்ணியவதி?" என்று கேட்டார். நான்தான் என்றேன். பாவம், அட்டையைவிட அவர் முகம்தான் பார்க்கும்படி இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

முதல் பொது நிகழ்ச்சி. "பொருளோடு அரை மணி நேரம்" என்று பெயர். ஒரு பொருளின் முன்னால் உட்கார்ந்து பேசுவது. வேறு பொருளைத் தேர்ந்தெடுக்க நூற்றொன்பது வாய்ப்பு இருந்தது. சட்டியைத்தான் வைத்தேன். இருபத்திரண்டு பேர், மூன்று பேர் தவிர எல்லோரும் பெண்கள். பூதக்கண்ணாடி பின்னால் தூணை ஒட்டி நின்றாள், நான் மறுபடி எதையும் தொட்டுவிடாமல் பார்க்க என்று நினைக்கிறேன்.

நடந்ததைச் சொன்னேன். குழாய், வாளி, டீத்தூள் எல்லாம். நன்றாகச் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் அதிகமாகவே நடித்துச் சொல்லிவிட்டேன். சிரிப்பு அடங்குகிற நேரத்தில் முன் பெஞ்சிலிருந்து ஓர் அம்மா பேசினார். என் வயதுதான் இருக்கும். சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என் பையன் தவறிப்போன நாலாம் நாள், அவன் தலையணை உறையைத் துவைச்சுக் காயப்போட்டுட்டேன். யாரும் சொல்லல. ஆள் வந்து போற வீடு, அழுக்கா இருக்கேன்னு நானே உருவிட்டேன். கொடியில போடறப்பதான் மோந்து பாத்தேன். சோப்பு வாசனைதான் இருந்துச்சு."

எனக்கு அடுத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் அட்டையில் எழுதிக் கையில் இருந்தன. "அந்தக் காலத்தில் எந்த விறகை எரித்திருப்பார்கள்?" என்பது முதல் கேள்வி. அட்டையைத் திருப்பி மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்வது? ஒன்பது வருஷமாகப் பொருளை எழுதினேனே, ஒரு மனுஷிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எங்கேயாவது எழுதி வைத்தேனா?

அவரே என்னைப் பார்த்தார். "உங்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்களா?"

"பாதி" என்றேன்.

"எந்தப் பாதி?"

"பொருளைத் தொடுற பாதி. உங்களோட பேசற பாதி இன்னும் இருக்கு."

அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "அப்ப உக்காருங்க."

உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான் எதுவும் நடத்தவில்லை. பின்னாலிருந்து ஒருவர், தன் அப்பா சுவரில் எழுதி வைத்திருந்த கணக்கின்மேல் வெள்ளையடித்ததைச் சொன்னார். இன்னொருத்தி ஒரு போன் எண்ணை அழித்ததைச் சொன்னாள்.

அரை மணி நேர நிகழ்ச்சி. காவலாளி வந்து கதவைச் சாத்தட்டுமா என்று கண்ணால் கேட்டபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இருபத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். எண்ணினேன், என்ன செய்ய, பழக்கம். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். பூதக்கண்ணாடி தூணடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

அவளும் எப்போதோ எதையோ துவைத்திருக்க வேண்டும். கேட்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவள் எழுந்து போகவில்லை.