பின் சீட் இல்லாத வண்டி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீங்கள் இருவரும் சௌக்கியமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது என்று அதை விட்டுவிட்டேன், ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்பதற்கு மட்டும் உண்மையான பதில் எழுது. போனில் பேசாமல் இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ 'ம்' கொட்டுவாய், இரண்டாவது 'ம்'முக்கு எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும், மூன்றாவது 'ம்'முக்கு அப்புறம் பேசுறேம்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. வைத்தாலும் திரும்ப எடுப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

முதலில் வீட்டுக் கதை. டிரைவிங் ஸ்கூலில் ஆள் சேர்வதற்குக் குறைவில்லை, என் முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது. புதிதாக ஒரு பல் டாக்டர் கற்றுக்கொள்ள வருகிறார். அடுத்தவர் வாயில் ஊசியைச் சொருகும்போது ஆடாத கை ஸ்டியரிங்கைத் தொட்டதும் தந்தி அடிக்கிறது. நேற்று சிக்னலில் பிரேக்கை மிதிங்க சார், மிதிங்க சார் என்று நான் கத்துகிறேன், அவர் ரொம்ப மரியாதையாக என் பக்கம் திரும்பி எதும்மா பிரேக்கு என்று கேட்கிறார். என் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை நான் மிதித்தேனோ பிழைத்தோமோ. அந்த பிரேக் ஞாபகம் இருக்கிறதா உனக்கு? ஸ்கூலுக்கு முதல் வண்டி வாங்கியபோது அதைத் தனியாகப் பணம் கட்டிப் போட்டே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன், தண்டச் செலவு என்று உன் அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது தினமும் வண்டியைக் கழுவுகிறவர் அவர்தான், அந்தப் பெடலுக்கு மட்டும் தனியாக ஒரு துணி வைத்திருக்கிறார், வேறு எதற்கும் அதை எடுக்க விடமாட்டார். ஆக, வண்டியில் எக்ஸ்ட்ராவாகப் பணம் கொடுத்து ஒன்றை வாங்குவது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

அதனால்தான் நீயும் என்னிடம் கேட்டாய் போலிருக்கிறது. நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஸ்போர்ட்ஸ் கார் அழகாகத்தான் இருக்கிறது, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, யார் மேலோ பாயப் போகிற மாதிரி. விவரத்தையும் ஒரு வரி விடாமல் படித்தேன். எடை குறைப்பு என்று ஒன்று போட்டிருக்கிறார்கள், வேண்டும் என்றால் அதற்குத் தனிப் பணம். அந்தப் பணத்துக்கு நம் ஸ்கூலில் ஓடுகிற வண்டி மாதிரி ஒன்று புதிதாகவே வந்துவிடும். சரி, அவ்வளவையும் வாங்கிக்கொண்டு என்ன தருகிறார்கள் என்று பார்த்தால், எதையும் தருவதில்லை, எடுத்துக்கொள்கிறார்கள்! பின் சீட்டை எடுத்துவிடுவார்களாம், கதவின் உள்கைப்பிடியை எடுத்துவிட்டு ஒரு துணி நாடா வைப்பார்களாம், கண்ணாடியை மெலிசாக்குவார்களாம், சீட் இருந்த இடத்தில் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியாம். காசைக் கொடுத்து சீட்டைப் பறிகொடுக்கிற வியாபாரத்தை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அதைப் பற்றி நீ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், எடை எவ்வளவு குறையும், எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கும், வளைவில் எப்படிச் சாலையை ஒட்டிக்கொண்டு போகும், பின்னால் விற்றால் எப்படி நல்ல விலை போகும் என்றெல்லாம். கடைசியில், மாசக் கடைசிக்குள்ள ஷோரூமுக்குச் சொல்லணும், போடலாமா வேண்டாமா நீயே சொல்லும்மா என்று ஒரு வரி. அவ்வளவு எழுதினவன் அந்த சீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். வாங்கட்டும், புள்ளைக்கு எதுலயாவது மனசு போகட்டும் என்றுதான் முதலில் சொன்னார். அப்புறம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்பக்கத்துப் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். என்னடி இது, பின்னாடி சீட்டையே காணோம், நாம போனா எங்க உக்காருவோம் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, காலையில் கழுவின வண்டியை மறுபடி கழுவப் போய்விட்டார். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் வாசல் வரைக்கும் வந்துவிட்டது, குழாயை மூடத் தோன்றவில்லை அந்த மனுஷனுக்கு. நான்தான் போய் மூடினேன்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். பின் சீட் உனக்கு ஏன் ஆகாது என்று எனக்குத் தெரியும். நம் மிளகு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். என் பேத்திக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவளே நான்தானே, அளவில் பொடிசு, வாயைத் திறந்தால் காரம். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது என்று குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூப்பிட்டதும் நீ வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, குழந்தையை அவள் சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாய். என் மருமகள் தன் ஆபீஸிலிருந்து ரயில் பிடித்து நேரே அங்கே வருவதாக ஏற்பாடு. வழியில் அவள் உனக்குப் போன் பண்ணினாள். நீ நடுக் கண்ணாடியில் குழந்தையைப் பார்த்துவிட்டு, தூங்கிட்டா, பயப்படாதே என்று சொன்னாய். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது அது தூக்கம் இல்லை. அவ்வளவு தூரம் எங்களால் வந்து சேர முடியவில்லை, என் தங்கத்தைக் கடைசியாக ஒரு போன் திரையில் பார்த்தோம். நீ இறக்கை கட்டிப் பறந்து போயிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது, கிருமி மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார், அதை எனக்குச் சொன்னவனே நீதான். சொன்னாயே தவிர நம்பவில்லை. அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறாய். உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான், சாவியைத் திருகுமுன் கண்ணாடியைப் பார் என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கண்ணாடியோடு நீ லீவு நாளில் தனியாக நெடுஞ்சாலையில் எங்கேயோ போய்விட்டு வருகிறாய் என்று கேட்டதிலிருந்து லீவு நாளில் போன் அடித்தாலே ஓடிப்போய் எடுக்கிறேன். அப்படி ஓட்டுகிறவனுக்கு இன்னும் வேகமான வண்டி எதற்கு? மனசில் ஏதாவது கெட்ட எண்ணம் இருக்கிறதா? எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன், பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள். ஊரார் பிள்ளைகள் தப்பாக ஓட்டினால் மிதிக்க என் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது. உன் வண்டியில் எனக்கு ஒன்றும் இல்லை.

இதெல்லாம் உனக்கு யார் சொன்னது என்பாய். மருமகள்தான். சாயந்திரத்தில் அவள் எனக்குப் போன் பண்ணுகிறாள், உனக்குத் தெரியாது. முதல் தடவையே எனக்குச் சந்தேகம். கதவைச் சாத்தின வண்டிக்குள் இருந்து பேசுகிற குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, என் பாதி ஆயுள் அதற்குள்தான் போயிருக்கிறது. வண்டியிலயா இருக்கே, யாரு ஓட்டுறா என்று கேட்டேன். யாரும் ஓட்டல அத்தை, நின்னுட்டுதான் இருக்கு என்றாள். விடாமல் கேட்டதில் மெல்ல மெல்லச் சொன்னாள். வேலை நாளில் நீ வண்டியை எடுப்பதில்லை, அவள் உனக்கு முன்னால் வேலை முடிந்து வந்துவிடுகிறாள் அல்லவா, வந்ததும் வீட்டுக்கு ஏறிப் போவதில்லையாம். கைப்பையோடு நேராக அடித்தளத்தில் வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போய், பின் கதவைத் திறந்து உட்கார்ந்து சாத்திக்கொள்கிறாளாம். மிளகின் சீட் இன்னும் நடுவில் அப்படியே இருக்கிறதாம், நீயும் கழற்றவில்லை, அவளும் கழற்றவில்லை. பெல்ட் கொக்கியில் குழந்தையின் முடி ஓர் இழை மாட்டிக்கொண்டிருக்கிறதாம், சீட் மடிப்பில் பிஸ்கட் தூள் கிடக்கிறதாம். ஒன்றையும் தொட மாட்டாளாம். சும்மா பக்கத்தில் இருந்துவிட்டு, நீ வருகிற நேரத்துக்கு மேலே போய் சமையலறை விளக்கைப் போடுவாளாம். போன வாரம் அழுதுகொண்டே கூப்பிட்டாள், அத்தை, பழைய வண்டிய எக்ஸ்சேஞ்சுல குடுக்கப் போறாராம், அதுக்கு முன்னாடி உள்ள எல்லாத்தையும் நுரை போட்டுக் கழுவ விடப் போறாராம் என்று. சாப்பிடும்போது நீ அவளிடம் சொன்னாயாம், அவள் சரி என்றாளாம். அவ்வளவுதான் உங்கள் வீட்டில் பேச்சு.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் 'ம்' என்றேன். 'ம்' சத்தியத்தில் சேராது, அது உன்னிடம் கற்றதுதான். சொன்னதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் நீ எந்த வண்டியும் வாங்கக் கூடாது. உன்மேல் கோபத்தில்தான் அவள் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டுதானே நீ அவள் முகத்தைப் பார்க்காமல் வளைய வருகிறாய்? நான் நேராகவே கேட்டேன், அவன் மேல கோவமாம்மா என்று. அவள் சொன்னாள், கோவம் இல்ல அத்தை, தூங்கிட்டான்னு அவர் சொன்னதும் எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு, அப்பாடான்னு ரயில்ல வித்துட்டுப் போனவர்கிட்ட ஒரு காபி வாங்கிக் குடிச்சேன், காபி நல்லா இருக்குன்னு வேற நெனச்சேன், அந்த நேரத்துல என் புள்ள, என்று பாதியிலேயே அழுதுவிட்டாள். பாவி நான், நானும் சேர்ந்து அழுதேன். இதைச் சொன்னால் நீ அவளை வெறுத்துவிடுவாய் என்று பயப்படுகிறாள். காலையில் காபி இல்லாமல் கண்ணைத் திறக்காத பெண் அது, இப்போது வெந்நீர் குடிக்கிறது. ஒரே வீட்டில் இருக்கிறாயே, அதையாவது கவனித்தாயாடா? கண்ணாடியை மட்டுமா கூரைப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாய், கண்ணையும் சேர்த்துத்தான்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த எடை குறைப்பு வேண்டாம். காசுக்காகச் சொல்லவில்லை. சீட்டை எடுத்து அங்கே கம்பியைப் போட்டாலும் உனக்கு அந்த இடத்தில் அவள்தான் தெரிவாள் கண்ணா, எனக்கு ஸ்கூல் வண்டியிலேயே தெரிகிறாள், அவள் அதில் ஏறினதே இல்லை. வண்டியே வேண்டாம் என்று சொல்ல நான் யார், நீ உழைக்கிறாய், அடுத்த வருஷம் வாங்கு, எதை வேண்டுமானாலும் வாங்கு. பழைய வண்டியை மட்டும் இப்போது கொடுத்துவிடாதே. உள்ளே கழுவ விடாதே. ஷோரூம்காரர் கேட்டால் எங்கம்மா ஒத்துக்கல என்று சொல், அவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தக் கடிதம் கையில் கிடைத்த மறுநாள் வேலையிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி வா. மேலே போகாதே, அடித்தளத்துக்குப் போ, அவள் உள்ளே இருப்பாள். பழக்க தோஷத்தில் ஓட்டுகிற சீட்டில் போய் உட்கார்ந்துவிடாதே. பின்னால் ஒரு பக்கம் அவள், நடுவில் மிளகின் சீட், மறுபக்கம் காலியாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் உட்கார். ஆறுதல் கீறுதல் சொல்லாதே, உனக்கு அது வராது. காபி விஷயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவள் வாயாலேயே சொல்லட்டும். அன்றைக்கே சொல்லமாட்டாள். மறுநாளும் போய் உட்கார்.

அப்பா எதிரே உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்க உக்காருவோம்னு நான் கேட்டத மட்டும் எழுதிடாதே, புள்ள சங்கடப்படுவான் என்கிறார், முன்னாலேயே எழுதிவிட்டேன். மாதக் கடைசிக்குள் கண்டிப்பாகப் போய்ச் சேரும் என்று கூரியர் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நீயும் அவளும் ஒருவர் இல்லாமல் ஒருவர் இருக்கும்படி ஆகாமல், உடம்பில் தெம்போடும் நீண்ட ஆயுளோடும் இருக்க வேண்டும், எங்கள் ஆசி அவ்வளவுதான், வேறு எதையும் கேட்க எனக்கு இப்போது வாய் வரவில்லை. நடுக் கண்ணாடியை உன்னால் முடிகிற அன்றைக்கு இறக்கு, அதுவரைக்கும் அந்தப் பழைய வண்டியை ஓட்டாதே.

ஒன்றை மறந்துவிடாதே. வண்டிக் கதவைத் திறக்குமுன் ஜன்னல் கண்ணாடியில் விரலால் மெதுவாகத் தட்டு. அங்கே யாரும் வருவார்கள் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள், பயந்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா