உன் வலப்பக்கம்

மார்ச் 4

என் அருமைக் குட்டைக்கு,

பட்டியலைப் பார்த்தாயா? உலகக் கூடைப்பந்துப் போட்டிக்கு உன் நாட்டிலிருந்து நீ, என் நாட்டிலிருந்து நான்! நடுவர்கள் மூவரில் நாம் இருவரும் ஒன்றாக. கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போனவளோடு மறுபடியும் விசில் ஊதுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. மூன்றாமவள் வேற்று மொழிக்காரி. அவள் முன்னால் நம் மொழியில் பேசாதே, ஏதோ சதி என்று மிரண்டுவிடுவாள்.

ஒரு விஷயம். படித்ததும் கிழித்துப் போடு. எனக்கு வலக்கண் மங்கிவிட்டது குட்டை. அந்தப் பக்கம் எல்லாம் புகையாகத் தெரிகிறது. பரிசோதனையில் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு வந்தேன். சிரிக்காதே. அடுத்த வருஷம் வயதைக் காட்டி எப்படியும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒரு இறுதியாட்டம் ஊதிவிட்டு நானே விலகிவிடுகிறேன். என் வலப்பக்கத்தை நீ பார்த்துக்கொள்வாயா?

உன் நெட்டை

மார்ச் 17

அடி நெட்டை,

அழுதுவிட்டுத்தான் கிழித்தேன்.

பயிற்சி முகாமில் மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்களே, மறந்துவிட்டாயா? மூன்று பேர், ஆளுக்கொரு பங்கு தரை. பந்து அடுத்தவள் பங்குக்குப் போனாலும் அவளை நம்பி நம் பங்கையே பார்க்க வேண்டும். நான் உன்னுடையதைப் பார்த்தால் என்னுடையதை யார் பார்ப்பது? கடவுளா? மூன்றாமவளிடமாவது சொல்லிவிடலாம் என்றால் நீ கேட்கமாட்டாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா!

சரி தாயே, பார்த்துக்கொள்கிறேன். உனக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? போனில் இருமிக்கொண்டே இருந்தாயே, தேவலையா?

உன் குட்டை

ஜூன் 2

நெட்டை,

மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

அரையிறுதியில் அந்தத் தடுப்பாட்டக்காரி ஏழாம் எண் பெண்ணை இரண்டு முறை தள்ளியிருக்கிறாள். என் பங்குதான். இரண்டு முறையும் நான் உன் வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையே ஊதியிருந்தால் அவள் அடங்கியிருப்பாள். மூன்றாவது முறை, அந்தப் பெண் எகிறியபோது கீழே புகுந்து காலைத் தட்டிவிட்டாள். அந்தப் பெண் விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை. முதுகெலும்பு. இனி நடப்பதே சந்தேகமாம். "பக்கத்துலதானே நின்னீங்க? அவ தள்ளுறப்பல்லாம் நான் உங்களைத்தானே பார்த்தேன்" என்றாள்.

என்னை விலக்கி வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து நீ இறுதியாட்டம் ஊதியதை விடுதி அறையில் டிவியில் பார்த்தேன். நன்றாகத்தான் ஊதினாய். மறுவாரம் எனக்கு விசாரணை. வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள், ஒவ்வொரு தடவையும் என் முகம் உன் பக்கம். "அங்க என்னம்மா பார்வை?" என்றார் விசாரணைக் குழுத் தலைவர். உன் கண் விஷயத்தை நான் சொல்லவில்லை. பத்தாம் தேதிக்குள் விளக்கம் தராவிட்டால் என் உரிமம் போய்விடும். நான் சொல்வது முறையில்லை. நீ சொல்லு நெட்டை. ஒரே ஒரு வரி எழுதிப் போடு.

குட்டை

ஜூன் 9

மதிப்பிற்குரிய சக நடுவருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. குழு என்னிடமும் விளக்கம் கேட்டது. அவரவர் பங்கை அவரவர் கவனிப்பதாகவே ஆட்டத்துக்கு முன் பேசிக்கொண்டோம் என்றும், தாங்கள் ஏன் என் பக்கம் பார்த்தீர்கள் என்று தெரியாது என்றும் பதில் தந்துள்ளேன். இனித் தொடர்பு கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
முதன்மை நடுவர்

ஜூன் 20

நெட்டை,

இன்று உரிமத்தைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். விசிலை யாரும் கேட்கவில்லை. அதையும் உறைக்குள் போட்டேன். வீட்டில் இருந்தால் எடுத்து எடுத்துப் பார்க்கத் தோன்றும்.

உன்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை. நீ கேட்டாய், நான் தலையாட்டினேன். பாவத்தில் எனக்கும் சரிபாதி. ஆனால் வயது வரம்பை உனக்காக இரண்டு வருஷம் தள்ளிவைத்திருக்கிறார்களாம். நீயும் சரி என்றாயாமே. அடுத்த போட்டியில் உன் வலப்பக்கம் எந்த வீட்டுப் பிள்ளை ஓடப்போகிறதோ.

உன் மார்ச் மாதக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. பொய் சொன்னேன். உன் கையெழுத்தைக் கிழிக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

குழுவுக்கு அனுப்பவில்லை, பயப்படாதே. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். என்னிடம் கேள்வி கேட்டது அந்தப் பெண்தான். நான் உனக்குச் சம்மதம் சொல்லி எழுதிய பதிலையும் நினைவிலிருந்து எழுதி, கையெழுத்துப் போட்டுச் சேர்த்து வைத்தேன். இரண்டையும் கிழித்துப் போடுவதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும்.

குட்டை