அசையாமல் கிடந்தவளின் வலி

இன்று காலை நம் கால்நடை ஆஸ்பத்திரியின் மயக்க மருந்து இயந்திரத்துக்குப் புது மூச்சுப் பை வந்தது. உறையைக் கிழித்ததும் அந்த ரப்பர் வாசனை. உன் கையில் எப்போதும் இருந்த வாசனை. பையை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு தடவை முகர்ந்தேன்டி.

சாயல்குடியிலிருந்து வந்த கருப்பி என்ற அந்த நாயின் ஞாபகம். ஆட்டுப் பட்டிக்கு அவள்தான் காவல். “பெரிய வெட்டா வெட்டிறாதீங்கம்மா. புழுதியில கெடக்குறவ, புண்ணு ஆறாது” என்று கெஞ்சினார் அவளைக் கொண்டுவந்த விவசாயி. அதனால் வயிற்றில் சிறு துளைகள் மட்டும் போட்டு, உள்ளே காற்று ஏற்றி, கேமராவில் பார்த்துச் செய்யும் கருத்தடை. அறுப்பது நான், மயக்குவது நீ.

பாதியில் வயிறு இறுகிக்கொண்டது. உள்ளே இடமே இல்லை. வழக்கம்போல் உன் மேல் எரிந்து விழுந்தேன். “தசையைத் தளத்துற ஊசியப் போடுடி!”

நீ அவள் நாக்கின் அடியில் விரல் வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாய். “நாடி ஏறுது, இவளுக்கு வலிக்குது. இப்ப அதப் போட்டா வயிறு தளரும், வலி போகாது. அசையாம கெடந்தா வலிக்கலைன்னு அர்த்தமாடி?”

முதலில் வலிக்கு மருந்து கொடுத்தாய். நாடி இறங்கிய பிறகுதான் அந்த ஊசி. அது மூச்சையும் நிறுத்திவிடும் என்பதால் பையை நீயே அமுக்கினாய். அவள் தானாக மூச்சிழுக்கும்வரை கையை எடுக்கவில்லை. மூக்கு அரித்ததற்குத் தோளில் தேய்த்துக்கொண்டாய். உன்னைப் போல் ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. அன்றே சொல்லியிருந்தால் உன்னைக் கையில் பிடிக்க முடிந்திருக்காது.

பிறகு ஒரு நாள், நோயில் விழுந்து மதுரை ஆஸ்பத்திரியில் நீ மூச்சுக் குழாயோடு கிடந்தாய். உனக்கும் தசையைத் தளர்த்தும் அதே வகை ஊசிதான். “நல்லாத் தூங்குறாங்க” என்றார் நர்ஸ். நான் திரையைப் பார்த்தேன். நாடி ஏறிக்கொண்டிருந்தது.

“அசையாம கெடந்தா வலிக்கலைன்னு அர்த்தமில்ல சிஸ்டர். டாக்டரக் கூப்பிடுங்க.”

டாக்டர் வந்து வலி மருந்தைக் கூட்டினார். எண்கள் மெல்ல இறங்கின. உன்னைக் காப்பாற்ற என்னால் ஆகவில்லை. வலியோடு போகவும் விடவில்லை.

புதுப் பையை மாட்டியாயிற்று. மண்டபம் ஊரிலிருந்து வந்த நாயொன்று வெளியே காத்திருக்கிறது. உன் இடத்தில் இப்போது வேறொரு டாக்டர் நிற்கிறார். வயிறு இறுகினால் நான் அந்த ஊசியைக் கேட்பதில்லை.

“அவளுக்கு வலிக்குதான்னு பாருங்க” என்றுதான் சொல்கிறேன்.