பாலில் கலந்தது

ஜூன் 9, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. கரண்ட் இல்லை, மோட்டார் போடவில்லை. டேங்கில் பாதித் தண்ணீர்.

ஆபீஸ் கிளம்பும் முன் மகள் கயல் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினாள். பேத்தி இனியா சாப்பிடுபவை:

இட்லி, வெறுமனே. தொட்டுக்க எதுவும் தட்டில் இருக்கக்கூடாது.
பால், நீல டம்ளரில் மட்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை.
அப்பளம்.
மஞ்சள் பாக்கெட் பிஸ்கட்.
சிப்ஸ்.

நாலரை வயதுக்கு அவ்வளவுதான் பட்டியல். மருமகன் குவைத்தில். மகளும் பேத்தியும் மஞ்சக்குப்பத்தில் என்னோடு. பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

சிதம்பரம் டாக்டரம்மா போன வாரம் சொன்னது: ஆட்டிசமாக இருக்கலாம், இன்னும் இரண்டு முறை பார்த்த பிறகே உறுதி. ரத்தம் குறைவு. இரும்புச் சத்து டானிக். ஸ்பூனில் கொடுத்துப் பார்ப்பது, மறுத்தால் விட்டுவிடுவது, எதிலும் கலந்து கொடுக்கக்கூடாது.

கயல் செருப்பு மாட்டும்போதும் அதையேதான் சொன்னாள். "அப்பா, பால்ல கீல்ல கலந்துடாதீங்க. டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாங்க."

"எனக்குத் தெரியாதாம்மா" என்றேன்.

ஜூன் 11, புதன்

ஸ்பூன் இன்று மூன்றாம் நாள். உள்ளே போனது எதுவும் இல்லை. என் பனியனில் கறை, அவள் கழுத்தில் கறை.

பதினோரு மணிக்குப் பாலில் கலந்தேன். அரை ஸ்பூன்தான். சர்க்கரை கூடுதலாக. முப்பத்திரண்டு வருடம் பி.டி. மாஸ்டர். எத்தனை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியிருக்கிறேன், ஒரு டம்ளர் பால் என்ன பெரிசு என்ற நினைப்பு.

ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். டம்ளருக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் யார் கண்ணையும் பார்ப்பது அபூர்வம்.

"வேற" என்றாள்.

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

டம்ளரை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

மாலை கயல்: "பால் குடிச்சாளா?"

"கொஞ்சம்" என்றேன். பொய்யில்லை, ஒரு வாய் குடித்தாளே.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு நாளாகப் பால் இல்லை. நீல டம்ளரைக் கண்டால் கட்டிலடிக்கு ஓடுகிறாள். ஐந்தில் ஒன்று போய்விட்டது. அதிலும் வயிற்றை நிறைத்தது அது ஒன்றுதான்.

காலை ஆறரைக்கு வாசலில் சத்தம். கயல், பால் ஊற்றும் தனத்தைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரா, பவுடரா, என்ன கலந்தீர்கள் என்று.

"பத்து வருசமா சார் வூட்டுக்கு ஊத்துறேன். என்னைப் போயி கலக்குறேன்னு சொல்றியே, கண்ணு" என்றாள் தனம்.

"எம் பொண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாதுக்கா. வேறன்னு சொல்றா. வேறயாத்தான் இருக்குது."

தனம் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார்."

பேப்பரை மடித்தேன். "காலங்காத்தால எதுக்கும்மா, விடுங்க" என்றேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

நாளையிலிருந்து பாக்கெட் பால் என்று கயல் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் கேட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தனம் கேனை எடுத்துக்கொண்டு போனாள்.

பி.பி. மாத்திரை போட மறந்தது மத்தியானம்தான் ஞாபகம் வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

பாக்கெட் பாலும் வேண்டாம். புது டம்ளரும் வேண்டாம். கயல் மூன்று முறை காய்ச்சி மூன்று முறையும் கொட்டினாள். இனியா நேற்று முழுக்க இரண்டு இட்லி, ஆறு பிஸ்கட். கன்னம் வற்றினாற்போல் இருக்கிறது. எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?

வாங்க: அப்பளம் 2 கட்டு, மஞ்சள் பாக்கெட் 6, கொசுவத்தி.

இரண்டு வருடம் முன்பே கயல் சொன்னாள், "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறாப்பா." நான் சொன்னது, "உங்க அண்ணன் மூணு வயசுலதான் பேசுனான், போ." அதைப் பெரிய தைரியம் மாதிரி சொன்னேன். அவளும் நம்பிவிட்டாள். அப்படியே இரண்டு வருடம்.

இன்று வேறு ஒன்றும் நினைவு வந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு பெண். விசில் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். திமிர் என்று நினைத்து மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. பெயர் ஞாபகமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சிதம்பரம். மூன்று பேரும் ரயிலில். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தபடி இனியா. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

எடை அறுநூறு கிராம் குறைவு. டாக்டரம்மா நிமிர்ந்து, "பால் எப்ப நிறுத்தினா?" என்றார்.

"போன வாரம் மேடம். பால்காரம்மா என்னமோ கலந்துட்டாங்க" என்றாள் கயல்.

"நான்தான் கலந்தேன்" என்றேன். "டானிக்க."

கயல் என் பக்கம் திரும்பவில்லை. மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டுவார் என்று தயாராக இருந்தேன். "அவளுக்கு இது அடம் இல்ல சார். வாசனையோ நிறமோ துளி மாறினாலும் அது வேற பொருள்தான். நம்பி வாயில வெக்கிறதே நாலஞ்சுதான். அதுல ஒண்ண நம்ப முடியலன்னு ஆயிடுச்சு."

"திரும்பக் குடிப்பாளா?"

"குடிக்கலாம். மாசக்கணக்காகலாம். குடிக்காமலும் போகலாம். இனிமே எது செஞ்சாலும் அவ கண்ணு முன்னாடி செய்யுங்க."

அடுத்த வாரமும் எடை பார்க்க வேண்டும். இறங்கினால் அட்மிஷன் என்றார்.

திரும்பும் ரயிலில் கிள்ளை தாண்டியதும் கயல் பேசினாள். "கலந்ததுகூடப் பரவால்லப்பா. பாப்பா மேல இருக்கிற பாசத்துல செஞ்சீங்க. ஆனா ஒரு வாரமா நான் பாலக் காய்ச்சிக் காய்ச்சிக் கொட்டுறேன், நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்களே."

கையிலிருந்த டிக்கெட்டுகளை நாலாக மடித்தேன்.

"நாளையிலேர்ந்து அவ சாப்பாட்ட நான் பாத்துக்கறேன். நீங்க குடுக்க வேணாம்."

ஜூன் 18, புதன்

தனம் வீடு, கம்மியம்பேட்டை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தேன்.

வாளியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு நீங்க சொல்லுங்கன்னு கேட்டனே சார்."

"கேட்டீங்க."

"உங்க தெருவுல ரெண்டு வூட்ல பால நிறுத்திட்டாங்க. தெரியுமா?"

தெரியாது. நேரே அந்த இரண்டு வீட்டுக்கும் போனேன். தப்பு தனத்தினுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். நாளையிலிருந்து மறுபடி வாங்குவதாகச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் "பாக்கெட்டே வசதியா இருக்குது சார்" என்றார்கள்.

கயல் சாயங்காலம் தானே போய்த் தனத்தைப் பார்த்து வந்தாள். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

எடை இறங்கவில்லை, ஏறவுமில்லை. அட்மிஷன் தப்பியது. கயல் மத்தியானம் வரை லீவு போட்டுப் போட்டு ஆபீஸில் பேச்சு வாங்குகிறாள். பகலில் நான் வீட்டைப் பெருக்குகிறேன், துணி மடிக்கிறேன். பேத்தி வரும் பக்கத்திலிருந்து நகர்ந்து உட்காருகிறேன்.

ஜூன் 28, சனி

மேகமூட்டம், மழை இல்லை. கயலுக்கு இன்று லீவு கிடைக்கவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். "மாவு ஃபிரிட்ஜ்ல இருக்கு. அவ முன்னாடியே ஊத்துங்க." அவ்வளவுதான் சொன்னாள்.

பன்னிரண்டு மணி. "பாப்பா, தாத்தா இட்லி ஊத்தப் போறேன், வா, பாரு" என்று கூப்பிட்டேன். வரவில்லை. அடுப்பைப் பற்றவைத்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து ஏறி நின்றாள். மாவுப் பாத்திரத்தை முகர்ந்தாள். தண்ணீரை முகர்ந்தாள். என் விரல்களை முகர்ந்தாள்.

மாவை ஊற்றி மூடிவிட்டு, தட்டு எடுக்க மேலே கை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். தானாக அவள் என்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று. பாசமில்லை, காவல். தெரியும்.

இட்லி வேகும் வரை அப்படியே. ஒற்றைக் கையால் எடுத்து வைத்தேன். அவள் இடது கையால் பிட்டுத் தின்றாள். இரண்டு. வலது கையின் பிடி தளரவே இல்லை.

மூக்கு அரித்தது. அசையாமல் நின்றேன்.