மூலை பூட்டும் வேலை

அன்புள்ள வெல்கா,

முதுகுவலி குறைந்ததா? கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்ல என்னோடு வேலை செய்யும் ஏரிக்ஸ் எழுதுகிறான். போனில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

போன வாரம் இங்கே நார்வேயில் ஒருவர் வீட்டுக்கு மரம் அறுக்கும்போது ரம்பம் பட்டு என் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. காயம் ஆறி வருகிறது. "பியர் கிளாஸ் பிடிக்க மிச்ச விரல் போதும்டா" என்றான் ஏரிக்ஸ். சொல்லிவிட்டு அவன்தான் அழுதான். இதை எழுத மாட்டேன் என்கிறான்.

பழைய லாட்வியப் பண்ணைவீட்டின் சாயலில் நாம் வரைந்த நம் வீடு அப்படியே எழும்பட்டும். நாணல் கூரை, ஆப்பிள் மரங்களைப் பார்த்த கண்ணாடிச் சுவர், எதையும் மாற்றாதே. ஆனால் மரச்சுவர்கள் கூடும் மூலைகளை ஆணியில்லாமல் நானே கோடரியால் செதுக்கிப் பூட்டுவேன் என்றேனே, அந்த வேலையைத் தச்சர் ஜிந்தார்ஸிடம் கொடுத்துவிடு. "இன்னொருத்தன் கை பட்டா அது என் வீடே இல்ல" என்று அவரை விரட்டியவன் நான். மன்னிக்கச் சொன்னேன் என்று சொல்.

குளிருக்குக் கம்பளிக் கையுறை பின்னி அனுப்பு. வலது கைக்கு விரல் விரலாகப் பிரிக்காதே, கட்டைவிரலுக்கு மட்டும் இடம் விட்டால் போதும்.

ஏரிக்ஸுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் ஐவார்ஸ்