டிரெயில் என்றால் ரெயில் இல்லை

என் அருமைத் தறுதலை ஸ்டீபனுக்கு,

உன் பெயரில் ரெயில் விடப்போகிறார்கள் என்று நம் ஊர் முழுக்கப் பேச்சு. சிரிக்காதே. இந்தக் கூத்தில் நீ போட்ட பாதையே பறிபோக இருந்தது.

போன மழைக்காலத்தில் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, உன் சைக்கிள் ஊரப்பாக்கத்தில் என் வீட்டு பால்கனியில் சும்மா நின்றது. துடைப்பேன், காற்றடிப்பேன், அழுவேன். செய்யூர்ப் பக்கம் நம் ஊர்க் குன்றில், அரசுப் புறம்போக்கில், சீமைக் கருவேலத்தை வெட்டி நீயும் படூர் நண்பர்களும் சைக்கிள் ஓட்ட வழி செய்தபோது, வெட்டி வேலை என்றுதான் திட்டினேன். ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஊர் சம்மதத்தோடு அந்தப் பாதை நிலைக்க வேண்டும் என்றாய். படுக்கையில் கிடப்பவன் கேட்கிற வரமாடா அது?

உன் நண்பன் ஃபாரூக் அதை மறக்கவில்லை. பஞ்சாயத்தில் தீர்மானம் கேட்கலாம் என்று, டீக்கடைப் பக்கம் ஒரு பேனர் கட்டினான். ‘ஸ்டீபன் டிரெயிலுக்கு ஊர் மக்கள் ஆதரவு தேவை’ என்று எழுதி, உன் படத்தையும் போட்டிருந்தான். நல்ல மனசுதான். ஆனால் நம் ஊரில் டிரெயில் என்றால் யாருக்குத் தெரியும்? அதற்குள் இருக்கிற ரெயில்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

முதல் போன் சகாயம் அத்தையிடமிருந்து. அதே குன்றில் ஆடு மேய்க்கிற நம் அத்தைதான்.

“இன்னாடி ரெஜினா, உன் தம்பி பேர்ல ரயிலு வுடறாங்களாமே? எங்க வூட்ட எடுத்துக்குவானுங்களா?”

குன்றடியில் பட்டா இல்லாமல் குடியிருக்கிற ஜனம். நிலம் எடுக்கப் போகிறார்கள் என்றால் யார்தான் பதறமாட்டார்கள்? கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போடுவது என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஒரு தரம் ஊர் எதிர்த்து எழுதிவிட்டால், அப்புறம் பாதைக்கு அனுமதி கேட்டுப் போனால் தாலுகா ஆபீசில் நம்மை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லீவு போட்டுவிட்டுச் செங்கல்பட்டு வரை ரெயிலில், நிஜ ரெயிலில்தான், போய் அங்கிருந்து பஸ் பிடித்தேன்.

சபையில் எழுந்தபோது எனக்குப் பயம் இல்லை, கோபம்தான் வந்தது. செத்தும் என்னை இப்படி அலைய விடுகிறாயே என்று. டிரெயில் என்றால் ஒத்தையடிப் பாதை, தண்டவாளமும் கிடையாது, ஒரு வீடும் போகாது என்றேன். பஞ்சாயத்துத் தலைவரே சிரித்துவிட்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அத்தை சிரிக்கவில்லை.

“ஒத்தையடிப் பாதன்றே. அது எங்க ஆடு நடந்து போட்ட வழி. மேலேர்ந்து சைக்கிள் சர்ருனு வந்தா ஆடு எங்க போவும்? நமக்குனு ஒரு சென்ட் நெலம் இல்ல. இந்த வழிதான் கீது.”

அத்தை கேட்டது நியாயம். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஃபாரூக்தான் எழுந்தான்.

“ஆடு வந்தா நாங்க எறங்கி நிக்கிறோம் அத்த.”

எல்லாச் சைக்கிளிலும் மணி இருக்க வேண்டும் என்றார் அத்தை. அதற்கும் சரி என்றான். தீர்மானம் நிறைவேறியது. அதில் டிரெயில் என்ற சொல்லே இல்லை. ‘ஆடும் சைக்கிளும் போகும் ஒத்தையடிப் பாதை’ என்று எழுதியிருக்கிறார்கள். உனக்குப் பிடித்திருக்கிறதா? எனக்கு ரொம்பப் பிடித்தது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் படூர்ப் பிள்ளைகளோடு நம் ஊர்ப் பெண்களும் மண்வெட்டியோடு குன்றேறுகிறார்கள். மழை அரித்த இடங்களில் மண் போடுகிறார்கள். வேலை முடிந்ததும் அத்தை வீட்டில் நாஸ்தா. உன் தட்டு எங்கே என்று அத்தை பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்வார். தாலுகா ஆபீசில் ஒரு கையெழுத்து பாக்கி இருக்கிறது. அதையும் வாங்கிவிடுவேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

மணி வைத்தால் அது பால்காரர் சைக்கிள் என்று கிண்டல் செய்வாய். உன் சைக்கிளிலும் நேற்று மணி மாட்டிவிட்டேன். ஊர்க் கட்டுப்பாடு, வேறு வழியில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை நானே ஓட்டிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கப் போகிறேன். விழுவேன், சிரித்துக்கொள். எதிரே ஆடுகள் வந்தால் மணியடித்து, இறங்கி, உன் சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நிற்பேன். கடைசிக் குட்டி கடந்துபோகிறவரை நிற்பேன். இது சத்தியம்.

உன் சைக்கிளை இனி பால்கனியில் நிறுத்தாத,
உன் அக்கா ரெஜினா