தாரை வார்க்கத் தகப்பனை அனுப்பிவைக்கக் கோருதல்

அனுப்புநர்
திருமதி கு. மாணிக்கம்மாள்,
(கணவர்: திரு. குஞ்சிதபாதம், அவசரகாலத் திட்ட அலுவலர்)
டைப் 2 குவார்ட்டர்ஸ், பத்தாவது பிளாக்,
நெய்வேலி நகரியம், தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு தனி அதிகாரி அவர்கள்,
அவசரகாலத் தயார்நிலை அலுவலகம்,
நெய்வேலி நகரியம்.

பொருள்: ஜூன் 2ஆம் தேதி ஒத்திகையிலிருந்து என் கணவரை விடுவித்து, அவர் பெற்ற மகளின் கல்யாணத்துக்கு அவரை அனுப்பிவைக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களிடம் வேலை பார்க்கும் ஒருவர்மேல் அவருடைய மனைவியே புகார் எழுதுவது வழக்கத்தில் இல்லை என்பதை அறிவேன். வேறு வழி இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்தருளவும். விஷயத்தில் பிழை இல்லை.

1. என் கணவரின் வேலை இன்னதென்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மனு என்றால் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று அவரே அடிக்கடி சொல்லியிருக்கிறார். போன வருஷத்துச் சண்டைக்குப் பிறகு, இந்த ஊரில் குண்டு விழுந்தாலும் வெள்ளம் புகுந்தாலும் எந்த வேலையும் நிற்கக் கூடாது என்று தங்கள் அலுவலகம் ஒரு திட்டம் போடச் சொன்னது. பம்ப் ஹவுஸ், ஆஸ்பத்திரி, டெலிபோன், ரொட்டி அடுப்பு என எல்லா இடத்திலும், பொறுப்பில் இருப்பவர் இல்லாமல் போனால் அடுத்து யார், அவரும் இல்லாவிட்டால் யார் என்று என் கணவர் அலைந்து திரிந்து ஏற்பாடு செய்தார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே செய்தார். மதராஸிலிருந்து வந்த பெரிய அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். அன்றைக்கு நானும் பாயசம் வைத்தேன். அந்தப் பாயசத்தை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

2. ஏனென்றால் மறுவாரமே திட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. முதலில் பால். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவரும் சாமிக்கண்ணு வராவிட்டால் வீராயி, வீராயியும் வராவிட்டால் பால் பவுடர் என்றார். சரி, இதிலென்ன என்று இருந்துவிட்டேன். சாமிக்கண்ணுதான் வாசலில் நின்றுகொண்டு, “நான் என்னா தப்பு பண்ணேங்க? தண்ணி கலந்தேனா? எனக்கு எதுக்கு மாத்து ஆளு?” என்று கண் கலங்கினார். அவரைச் சமாதானப்படுத்த அரைப்படி பால் கூடுதலாக வாங்க வேண்டியதாயிற்று.

3. அடுத்தது நான். நான் படுத்துவிட்டால் சமையலுக்கு எதிர் குவார்ட்டர்ஸ் லூர்துமேரி என்று ஏற்பாடாம். என்னைக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண் கரண்டியும் கையுமாக ஓடிவந்து, “யக்கா, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே? நீங்க இல்லாங்காட்டி நான்தான்னு அண்ணன் சொல்லிக்கினு போனாரே!” என்றாள். பிறகுதான் தெரிந்தது, அன்று எங்கள் வீட்டில் ஒத்திகை. ‘செயல்பட இயலாதவர்’ என்று சொல்லி என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டார். லூர்துமேரி என் அடுப்பில், என் பாத்திரத்தில், என் புளியைக் கரைத்துச் சாம்பார் வைத்தாள். உப்பு கூடிவிட்டது என்று சொல்ல நான் வாயெடுத்ததும், இயலாதவர் பேசக் கூடாது என்று இவர் கையைக் காட்டிவிட்டார். அதோடு இரண்டாம் முறை சாம்பார் வாங்கி ஊற்றிக்கொண்டு, “மாற்று ஏற்பாடு திருப்திகரம்” என்றார். ஐயா, எந்தக் குடும்பப் பெண் இதைப் பொறுப்பாள்? நான் பொறுத்தேன்.

4. எங்கள் ஒரே மகள் தனகோட்டிக்கு நெல்லிக்குப்பத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை கலியமூர்த்தி, தங்கமான பையன். நிச்சயதார்த்தத்தன்று சபையில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, என் கணவர் எழுந்து கல்யாண ஏற்பாடுகளைச் சொன்னார். சமையல்காரருக்கு மாற்று, மேளக்காரருக்கு மாற்று, ஐயருக்கு மாற்று. சம்பந்தி வீட்டார், அடேயப்பா என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தலையாட்டலோடு நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளைக்கும் மாற்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் தம்பியாம்! ஒரே குடும்பம், ஒரே உயரம், பட்டு வேட்டி சட்டையைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்று விளக்கம் வேறு. அந்தத் தம்பிக்குத் தின்றுகொண்டிருந்த லட்டு புரையேறிவிட்டது. சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் விழுந்து விழுந்து சிரித்து, “மாமா, நான் எப்படியும் வந்துடறேங்க, கவலப்படாதீங்க” என்று சொன்னதால்தான் அன்று தட்டு மாற்றினோம்.

5. இனி என் புகார். கல்யாணம் வருகிற ஜூன் 2ஆம் தேதி, வியாழக்கிழமை, வளர்பிறை முகூர்த்தம், எங்கள் வீட்டு வாசல் பந்தலில். தங்கள் அலுவலகம் அதே நாள் காலையில் நகரியம் முழுவதற்கும் ஒத்திகை என்று ஆணை போட்டிருக்கிறது. தாங்கள் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி வைத்திருக்க மாட்டீர்கள். அதில் தங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒத்திகையை நடத்த வேண்டியவர் என் கணவர். அவருக்கு மாற்றாக உதவியாளர் கோபாலகிருஷ்ணன் இருக்கிறார். வேலையும் தெரியும், ஆளும் தயார். நான் வீடு தேடிப் போய்க் கேட்டேன். “சந்தோஷமா பாத்துக்கறேம்மா, சாரு கல்யாணத்துக்குப் போகட்டும்” என்று அவரே சொல்லிவிட்டார்.

6. என் கணவர்தான் ஒப்பவில்லை. முதல் ஆள் இறந்தால், காயம்பட்டால், இருக்குமிடம் தெரியாமல் போனால் மட்டும்தான் மாற்று ஆள் பொறுப்பேற்கலாமாம். மகள் கல்யாணம் அந்தக் காரணங்களில் வரவில்லையாம். எழுதியது யார்? இவர்தான். திருத்தினால் என்ன என்று கேட்டேன். “நான் எழுதினத நானே மீறினா, நாளைக்கு எவன் மதிப்பான்?” என்கிறார். லீவு கேட்கவும் மாட்டேன் என்கிறார். இந்த மனிதரோடு மல்லுக்கு நின்று எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

7. ஒத்திகைக்கு மாற்று இல்லையாம், கல்யாணத்துக்கு உண்டாம். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தம் அண்ணன் சுப்பிரமணியன் அவர்களை ஏற்பாடு செய்துவிட்டார். ஐயா, தங்கள் வீட்டிலும் கல்யாணம் நடந்திருக்கும். தகப்பன் மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க, பெற்றவள் பக்கத்தில் நின்று செம்பிலிருந்து நீர் வார்க்க வேண்டும். தம்பதியாகத்தான் அதைச் செய்வார்கள். அண்ணன் நின்றால் அவர் பக்கத்தில் நீர் வார்ப்பவர் அவருடைய மனைவி பட்டம்மாள். நல்லவள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்து மாதம் சுமந்து பெற்றவள் நான். நான் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். ஒருவரை மாற்றினால் கூடவே இன்னொருவரும் போய்விடுவார் என்பது இத்தனை பெரிய திட்டம் போட்ட மனிதருக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்ன பிறகுதான் புரிந்துகொண்டார். ஆனாலும் லீவு கேட்கவில்லை.

8. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணனை வரவழைத்து, கொல்லைப்பக்கம் நிறுத்தி, தாரை வார்ப்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். “ஏன்டா, இத நீயே வந்து செஞ்சா என்னாடா?” என்று அண்ணன் திட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். தேங்காயை எப்படிப் பிடிப்பது, எப்போது கையை விடுவது என்று எல்லாம் சரியாகத்தான் சொன்னார். “அவ வலது மணிக்கட்டுல சூடு பட்ட வடு இருக்குது, அங்க அழுத்திப் புடிச்சிடாதண்ணே” என்று சொன்னவர், பாதியில் விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். தனகோட்டி கதவோரம் நின்று பார்த்தாள். “அப்பாவ ஒண்ணும் சொல்லாதம்மா” என்றுதான் என்னிடம் சொன்னாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. அவருக்கும் வர ஆசைதான் ஐயா. அந்த ஆசைக்கு ஓர் ஆணை வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

9. ஆகவே தங்களிடம் நான் கேட்பது இது. ஒத்திகையன்று விடியற்காலையில் தங்கள் கையொப்பத்துடன் ஒட்டிய உறை ஒன்று வரும் என்றும், அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் அன்று இல்லாதவராகக் கருதப்படுவார் என்றும், உடனே மாற்று ஆள் வேலையை ஏற்க வேண்டும் என்றும், பெயர் தங்களுக்கு மட்டுமே தெரியும் என்றும் என் கணவர் சொல்லியிருக்கிறார். ஜூன் 2ஆம் தேதி உறையில் அவர் பெயரை எழுதிவிட மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். திட்டமும் மீறப்படாது, அவருடைய மானமும் போகாது, கோபாலகிருஷ்ணனுக்கும் நல்ல பழக்கமாக இருக்கும். முன்கூட்டி அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அதற்கும் ஒரு மாற்று ஏற்பாடு செய்துவிடுவார்.

10. ஒன்றே ஒன்று. போன ஒத்திகையில் பம்ப் ஹவுஸ் ஜெயராமன் அவர்கள் பெயருக்கு நேரே ‘இறந்தவர்’ என்று எழுதி வந்து, அவர் வீட்டம்மா மாரியம்மன் கோயிலுக்கு ஓடி விளக்கேற்றினார். கல்யாண நாளும் அதுவுமாக என் தாலிக்கு நேரே அந்தச் சொல் வேண்டாம். காயம்பட்டவர் என்றும் வேண்டாம். ‘இருக்குமிடம் தெரியாதவர்’ என்று எழுதினால் போதும். அவர் எங்கே என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பந்தலில், மகள் கையைப் பிடித்துக்கொண்டு, நான் வார்க்கும் நீருக்குக் கீழே அவர் இருப்பார்.

கருணை கூர்ந்து ஆவன செய்யும்படி வேண்டும்,

கு. மாணிக்கம்மாள்
(ஒப்பம்)

இடம்: நெய்வேலி
நாள்: 16-5-1966